களக் கருவி அலாரம் அடிக்கிறதா? சென்சாரைக் கழற்றும் முன் பேட்டரியைப் பாருங்கள்

பெட்டியைத் திறக்கிறீர்கள், திரையில் 'சென்சார் பிழை' என்று மினுங்கிக்கொண்டிருக்கிறது. கை தானாக அந்தச் சென்சாரின் கேபிளுக்குப் போகும், இல்லையென்றால் ரீஸ்டார்ட் பொத்தானுக்குப் போகும். இரண்டும் வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். பேட்டரியில் ஓடும் கருவிகளில் சென்சார் பேரைச் சொல்லிக்கொண்டு வரும் அலாரங்களில் நிறைய, கடைசியில் பார்த்தால் கரண்ட் போதாமல் வந்தவைதான். சென்சாரைக் கழற்றி, புதிதைப் பூட்டி, அதுவும் அதே பிழையைக் காட்டிய பிறகு பேட்டரியைப் பார்க்கிற கூத்தை நானும் ஆடியிருக்கிறேன். அரை நாள் போனது. பழுது ஒரு தளர்ந்த டெர்மினல் திருகு.

இங்கே சொல்வது வானிலை நிலையம், நீர்மட்டப் பதிவுக் கருவி, நீர்த்தர மீட்டர் மாதிரி பேட்டரியிலோ சோலாரிலோ ஓடும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். விஷவாயு டிடெக்டருக்கு மட்டும் பொருந்தாது. அது கத்தினால் பேட்டரியா சென்சாரா என்று அங்கேயே நின்று யோசிக்கக் கூடாது. முதலில் அந்த இடத்தைவிட்டு வெளியே வாருங்கள், ஆராய்ச்சி எல்லாம் சுத்தமான காற்றில்.

தொடும் முன் எழுதிவையுங்கள்

போனை எடுத்துத் திரையைப் படம் பிடியுங்கள். அலாரம் எண், நேரம், கருவி காட்டும் பேட்டரி வோல்டேஜ், எந்தெந்தச் சென்சார் பிழை காட்டுகிறது, எது ஒழுங்காக இருக்கிறது என்று எல்லாமே படத்தில் வரட்டும். பிறகு டேட்டாவை இறக்கிக்கொள்ளுங்கள். இதெல்லாம் ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் நடக்க வேண்டும், ஏனென்றால் பல கருவிகளில் ரீஸ்டார்ட் செய்த உடனே அலாரக் குறிப்பு அழிந்துவிடும், பழுதும் கொஞ்ச நேரம் ஒளிந்துகொள்ளும், நீங்கள் திரும்பி வந்து கைகால் கழுவுவதற்குள் மறுபடி அதே அலாரம் வரும்.

இறக்கிய டேட்டாவில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி வோல்டேஜ் பத்தி. கடைசிப் பத்து நாளைப் படமாக வரைந்து பார்த்தால் பாதிக் கதை அதிலேயே தெரிந்துவிடும். பகலில் ஏறி ராத்திரியில் பள்ளமாக இறங்கி, விடிந்ததும் சட்டென்று ஏறினால் சோலார் பேனல் வேலை செய்கிறது, பேட்டரிக்குத்தான் வயதாகிவிட்டது. பகல் இரவு என்ற வித்தியாசமே இல்லாமல் நாளுக்கு நாள் படிப்படியாக இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவே இல்லை. மணிக்கு ஒரு முறை ஊசி மாதிரி ஒரு சரிவு வந்து போனால், அந்த நேரத்தில் எது விழிக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் டேட்டாவை அனுப்பும் மோடம்.

அதே டேட்டாவில் இன்னொன்றும் கவனியுங்கள். ஒரே நிமிஷத்தில் நாலு சென்சாரும் சேர்ந்து போயிருந்தால் நாலும் ஒன்றாகச் செத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றில், அதாவது சப்ளையில், கிரவுண்ட் வயரில், இல்லை சென்சார் அளவுகளைப் பதிந்து வைக்கும் லாகரிலேயே ஏதோ நடந்திருக்கிறது. ஒன்று மட்டும் போய், மற்றவை ஒழுங்காக இருந்தால் அப்போது அந்தச் சென்சார், அதன் கேபிள், அது செருகியிருக்கும் போர்ட் என்று போகலாம். கருவியின் தேதி 1970 என்றோ 2000 என்றோ காட்டினால் மின்சாரம் முழுக்கவே நின்று போயிருக்கிறது, கடிகாரத்துக்கான 3 வோல்ட் காசு பேட்டரியும் தீர்ந்துவிட்டது. அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

லோடு இருக்கும்போது அளங்கள்

இனி மல்டிமீட்டர். டிசி வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு வயர் வோல்ட் துளையில் இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். முந்தைய ஆள் கரண்ட் அளந்துவிட்டு 10 ஆம்பியர் துளையிலேயே விட்டிருந்தால், அதோடு பேட்டரியில் வைத்த நொடியில் அது ஷார்ட்.

12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிக்கு மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் சிலதான். சார்ஜும் லோடும் (கரண்ட் இழுக்கும் வேலையும்) இல்லாமல் சில மணி நேரம் ஓய்வாக இருந்த பிறகு 12.7 வோல்ட் பக்கம் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.1 அல்லது 12.2 என்றால் பாதி, 11.8-க்குக் கீழே என்றால் காலி. சார்ஜரிலிருந்து இப்போதுதான் கழற்றியது 13 வோல்ட் காட்டும், அதை நம்பக் கூடாது, மேற்பரப்பில் நிற்கும் சார்ஜ் அது, சீக்கிரம் வடிந்துவிடும்.

ஓய்வு வோல்டேஜை மட்டும் பார்த்து பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. செத்துக்கொண்டிருக்கும் பேட்டரிகூட சும்மா இருக்கும்போது 12.5 காட்டும். அதனால் கருவியை அதன் அதிகப் பசியுள்ள வேலையைச் செய்யச் சொல்லுங்கள்: மோடத்தை அனுப்பச் சொல்லலாம், ஹீட்டரோ பம்போ இருந்தால் ஓட விடலாம். அந்த நேரத்தில் பேட்டரியின் முனையிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள். சிறிய லோடுக்கே ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் பேட்டரியின் உள் மின்தடை ஏறிவிட்டது, மாற்ற வேண்டியதுதான். 2ஜி மோடம் கணப்பொழுதுக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கக்கூடியது, அவ்வளவு வேகமான சரிவைச் சாதாரண மீட்டர் காட்டாது, குறைந்தபட்ச மதிப்பைப் பிடித்து வைக்கும் வசதி மீட்டரில் இருந்தால் அதைப் போடுங்கள்.

பேட்டரி முனையில் சரிவு இல்லை, ஆனாலும் கருவி அலாரம் அடிக்கிறது என்றால் இப்போது லாகரின் சப்ளை டெர்மினலில் அளங்கள், அதே லோடில். பேட்டரியில் 12.4, லாகரில் 11.3 என்று வந்தால் நடுவில் எங்கோ 1.1 வோல்ட் தொலைகிறது. தேடும் வழி எளிது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவ் முனையில் வையுங்கள், மறுமுனையை ஃபியூஸுக்கு முன், ஃபியூஸுக்குப் பின், சுவிட்சுக்குப் பின் என்று நகர்த்திக்கொண்டே போங்கள். எண் எங்கே தாவுகிறதோ அங்கேதான் திருடன். பாசிட்டிவில் கிடைக்கவில்லை என்றால் நெகட்டிவ் பக்கத்திலும் இதே மாதிரி, அதைத்தான் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். பச்சைக் களிம்பு பிடித்த லக் (வயர் முனையில் இருக்கும் உலோக இணைப்பு), பார்க்க நன்றாக இருந்தும் உள்ளே விட்டுப்போன ஃபியூஸ், இன்சுலேஷனையும் சேர்த்து இறுக்கிய திருகு, இவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

கேபிளே மெல்லியதாக இருக்கலாம். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் பேட்டரி 20 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 40 மீட்டர், அதன் தடை ஏறத்தாழ 0.9 ஓம். 1 ஆம்பியர் இழுத்தால் 0.9 வோல்ட் வயரிலேயே காலி. பழுதே இல்லாத பழுது இது, தடிமனான வயர் போடுவது தவிர வேறு வைத்தியம் இல்லை.

பேட்டரிக்குப் பேட்டரி குணம் மாறும்

மேலே சொன்ன எண்களை எல்லா பேட்டரிக்கும் போட்டுப் பார்க்காதீர்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி சார்ஜ் கிட்டத்தட்ட தீரும்வரை 13.2 வோல்ட் பக்கத்திலேயே நின்றுவிட்டு, கடைசியில் குப்பென்று விழும். வோல்டேஜைப் பார்த்து அதில் எவ்வளவு மிச்சம் என்று சொல்லவே முடியாது. லெட் ஆசிட்டுக்கு வைத்த அலாரம் அளவுகளை மாற்றாமல் இந்த பேட்டரியை வைத்தால், அலாரம் வரும்போது பேட்டரி கிட்டத்தட்ட காலியாகிவிட்டிருக்கும். இன்னொரு விஷயம், நேற்று வரை ஓடிய லித்தியம் பேட்டரி இன்று மீட்டரில் 0 காட்டினால் உடனே தூக்கிப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று துண்டித்திருக்கும், சரியான சார்ஜரில் போட்டால் பல சமயம் எழுந்து உட்காரும். உறைநிலைக்குக் கீழே இருக்கும் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாதீர்கள், உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெட்டுவிடும்.

கையடக்க மீட்டர்களில் ஏஏ செல் போடுகிறோம். ஆல்கலைன் என்றால் ஒன்றுக்கு 1.5 வோல்ட், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் என்றால் 1.2. நாலு போட்டால் 6-க்குப் பதில் 4.8. அப்போதுதான் சார்ஜ் செய்த செல்லைப் போட்டும் 'பேட்டரி குறைவு' என்று வந்தால் காரணம் இதுதான், மெனுவில் செல் வகையை மாற்றும் இடம் இருக்கிறதா பாருங்கள்.

சில நீர்மட்டக் கருவிகளில் 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு செல் இருக்கும். பல வருஷம் உழைக்கும், ஆனால் அலமாரியில் நெடுநாள் தூங்கினால் லித்தியத்தின் மேல் ஒரு மெல்லிய படலம் கட்டிவிடும். புதுச் செல்லைப் போட்ட உடனே கருவி பெரிதாகக் கரண்ட் கேட்டால் வோல்டேஜ் விழுந்து அலாரம் வரும், கொஞ்ச நேரம் ஓடினால் படலம் உடைந்து சரியாகிவிடும். புதுச் செல்லே கெட்டது என்று திருப்பி அனுப்பும் முன் இதை நினைத்துப் பாருங்கள். இந்த வகைச் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றவே கூடாது, வெடிக்கக்கூடும்.

பேட்டரி சரி, ஏன் தீர்ந்தது?

புது பேட்டரி போட்டாயிற்று, அலாரம் போயிற்று, கிளம்பலாம் என்று தோன்றும். கிளம்பினால் இரண்டு வாரத்தில் திரும்ப வருவீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 7 ஆம்பியர் மணி பேட்டரி, கருவி சராசரியாக 10 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்றால் 700 மணி நேரம், கிட்டத்தட்ட 29 நாள். லெட் ஆசிட்டைப் பாதிக்கு மேல் வடிய விடாமல் இருப்பது நல்லது என்பதால் 2 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மோடம் தூங்கப் போகாமல் விழித்தே இருந்து கூடுதலாக 60 மில்லி ஆம்பியர் எடுத்தால்? மொத்தம் 70, அதாவது 100 மணி நேரம், பாதிக் கணக்கில் 2 நாள். சிக்னல் கிடைக்காத இடத்தில் மோடம் விடாமல் தேடிக்கொண்டே இருப்பதாலும் இது நடக்கும், யாரோ சோதனைக்காக அளவீட்டு இடைவெளியை 15 நிமிஷத்திலிருந்து 1 நிமிஷமாக்கிவிட்டு மறந்ததாலும் நடக்கும். மீட்டரைத் தொடராக இணைத்து, கருவி தூங்கும்போதும் விழிக்கும்போதும் எவ்வளவு எடுக்கிறது என்று அளந்து, கையேட்டில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

சோலார் இருந்தால் அதையும் பாருங்கள். 12 வோல்ட் வகைப் பேனல், எதனுடனும் இணைக்காமல் நல்ல வெயிலில் 20 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். வோல்டேஜ் மட்டும் போதாது, அழுக்கான பேனலும் வோல்டேஜ் காட்டும், கரண்ட்தான் வராது. துடைத்துவிட்டு மறுபடி அளங்கள். பறவை எச்சம், ஒரு மூலையில் விழும் கம்பத்தின் நிழல், போன வருஷம் சின்னதாக இருந்து இப்போது வளர்ந்துவிட்ட மரக்கிளை எல்லாமே கணக்கில் வரும். கழற்றும்போது பேனலை முதலில், பேட்டரியைப் பிறகு. மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் கடைசி. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலர்களில் பல, பேட்டரியைப் பார்த்துத்தான் தன்னை அமைத்துக்கொள்ளும், தலைகீழாகச் செய்தால் குழம்பிப்போகும். கழற்றிய வயர் முனைகளில் டேப் சுற்றுங்கள், ஸ்பேனரை இரண்டு முனைக்கும் குறுக்கே விழவிடாதீர்கள்.

இப்போதுதான் சென்சார்

சப்ளை சுத்தம் என்று தெரிந்த பிறகு சென்சாருக்கு வரலாம். ஒரே மாதிரி இரண்டு சென்சார் இருந்தால் போர்ட்டை மாற்றிச் செருகிப் பாருங்கள், இதைவிட மலிவான சோதனை கிடையாது. பிழை சென்சாரோடு போனால் சென்சாரோ கேபிளோ, பிழை அதே போர்ட்டில் நின்றால் லாகர் பக்கம். முடிந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் மேல் மட்டத்து வெப்பம் கீழ் மட்டத்தின் பேரில் பதிவாகி, மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் போகும்.

4–20 மில்லி ஆம்பியர் சென்சாரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், பவர் பழுது சென்சார் வேஷம் போடுவது இதில்தான் அதிகம். இது தன் அளவைக் கரண்டாகச் சொல்லும், அளவெல்லையின் அடிக்கு 4, உச்சிக்கு 20 மில்லி ஆம்பியர். சுழியே 4 என்பதால், 0 வந்தால் வயர் அறுந்தது என்று உடனே தெரியும். நாமூர் என்ற தொழில்துறைக் கூட்டமைப்பின் என்இ 43 பரிந்துரைப்படி 3.6-க்குக் கீழேயோ 21-க்கு மேலேயோ போனால் பழுது என்று பொருள். அது எளிய கேஸ். கஷ்டமான கேஸ் இப்படி இருக்கும்: இரண்டு வயர் சென்சார், வேலை செய்யக் குறைந்தது 9 வோல்ட் வேண்டும், லாகர் பக்கம் 250 ஓம் தடை, பேட்டரி 11.5 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கிறது. தடைக்கு மிஞ்சுவது 2.5 வோல்ட், அதை 250-ஆல் வகுத்தால் 10 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் அந்தச் சென்சாரால் போகவே முடியாது. நீர்மட்டம் தாழ்வாக இருக்கும்வரை எல்லாம் சரியாகக் காட்டும், வெள்ளம் ஏறும்போது 10-லேயே நின்றுவிடும், அதாவது அளவெல்லையின் முதல் 37 சதவீதத்துக்கு மேல் எதுவும் தெரியாது. அலாரமும் வராது, ஏனென்றால் 10 என்பது நல்ல எண். லாகர் ஏற்றுக்கொண்டால் 250-க்குப் பதில் 100 ஓம் போடுங்கள், 20 மில்லி ஆம்பியரிலும் 2 வோல்ட்தான் போகும், மீதி 9.5 சென்சாருக்கு. சென்சாரைத் தனியாகக் கழற்றி ஆய்வகத்தில் 24 வோல்ட் சப்ளையில் சோதித்தால் அருமையாக வேலை செய்யும் என்பதுதான் இதில் வேடிக்கை.

பிடி100 என்பது வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் சென்சார், அதை லாகரிலிருந்து கழற்றி ஓம் பாருங்கள். 0 டிகிரியில் 100 ஓம், 25 டிகிரியில் 110-ஐ ஒட்டி, ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 ஓம். மூன்று வயரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டுக்கும் நடுவே மிகச் சிறிய எண், அவற்றில் ஒன்றுக்கும் மற்ற நிறத்துக்கும் நடுவே 110 வந்தால் சென்சார் நன்றாக இருக்கிறது. எண்ணே வராவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. துருப்பிடித்த இணைப்பு 1 ஓம் சேர்த்தாலே வாசிப்பு 2.6 டிகிரி ஏறிவிடும், இதற்கும் அலாரம் கிடையாது. தெர்மோகப்பிளில் (இரண்டு வேறு உலோக வயர்களால் ஆன வெப்ப சென்சார்) சூடாக்கினால் வாசிப்பு இறங்குகிறதா? வயரைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள்.

எஸ்டிஐ-12 என்ற டிஜிட்டல் முறையில் லாகரோடு பேசும் சென்சார்கள் ஒரே வயரில் வரிசையாகத் தொங்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி. புதுச் சென்சார் பொதுவாக 0 என்ற முகவரியோடுதான் வரும். ஏற்கெனவே 0-வில் ஒன்று இருக்கும்போது இன்னொரு புதிதைச் சேர்த்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி லாகருக்கு எதுவும் புரியாது, இரண்டுக்கும் பிழை. எல்லாவற்றையும் கழற்றி, ஒன்றொன்றாக மாட்டி, எதை மாட்டும்போது வரிசையே படுக்கிறது என்று பாருங்கள்.

பிஎச் மீட்டர் எந்தக் கரைசலில் வைத்தாலும் 7 காட்டினால் கனெக்டரில் ஈரம், இல்லை கண்ணாடி முனையில் விரிசல். இந்த மின்முனை 7-இல் 0 மில்லி வோல்ட் தரும், ஷார்ட் ஆனாலும் அதே 0 என்பதால் மீட்டர் நல்ல பிள்ளையாக 7 என்கிறது. காற்றுக்குழாய் உள்ள நீர்மட்ட சென்சாரில் அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் வாசிப்பு வளிமண்டல அழுத்தத்தோடு ஆடத் தொடங்கும். 1 ஹெக்டோபாஸ்கல் மாற்றம் கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டர் நீர், அதனால் மழையே இல்லாமல் மட்டம் 10 சென்டிமீட்டர் ஏறி இறங்கினால் முதலில் குழாயின் ஈரம் உறிஞ்சும் குப்பியைப் பாருங்கள். மழைமானியில் புனலில் இலை அடைத்தால் வாசிப்பு 0, மழை இல்லாவிட்டாலும் 0. போகும்போதெல்லாம் உள்ளே நிரம்பி நிரம்பிச் சாய்ந்து மழையை எண்ணும் வாளியைக் கையால் சாய்த்து எண்ணிக்கை கூடுகிறதா பாருங்கள், அப்படிச் சாய்த்த நேரத்தைக் குறித்தும் வையுங்கள், ஏனென்றால் பெய்யாத மழை டேட்டாவில் ஏறிவிடும்.

இத்தனையும் சரி, அலாரம் மட்டும் நிற்கவில்லை என்றால் அலாரம் அளவையே பாருங்கள். 12.0 வோல்ட்டுக்கு எச்சரிக்கை வைத்து, தாமதம் 0 என்று விட்டிருந்தால் மோடம் விழிக்கும் ஒவ்வொரு முறையும் கத்தும். ஒரு சில நிமிஷம் தொடர்ந்து தாழ்ந்திருந்தால் மட்டும் அலாரம் என்று தாமதம் கொடுங்கள். ஆனால் கத்துகிறதே என்று அளவை 10.5-க்கு இறக்கிவிட்டு வருவது வேலையில்லை, அப்படிச் செய்தவருக்குப் பின்னால் போய் பேட்டரி மாற்றியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

மூடுவதற்கு முன், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஸாக மாறியிருந்தால் புதிது போடுங்கள், ஆரஞ்சு வகை என்றால் பச்சையாகும். கேபிள் நுழையும் ஓட்டைகளை இறுக்குங்கள், பல்லியும் எறும்பும் அங்கேதான் குடியேறும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். பிறகு உடனே கிளம்பாமல் ஒரு முழு அளவீட்டுச் சுற்றும் ஒரு டேட்டா அனுப்பலும் முடியும்வரை காத்திருங்கள், லோடில் வோல்டேஜை இன்னொரு தடவை அளந்து, அந்த எண்ணையும் தேதியையும் அழியாத பேனாவால் பேட்டரியின் மேலேயே எழுதுங்கள். அடுத்து வருபவர் உங்களுக்கு முன் பின் தெரியாதவராக இருக்கலாம், அவருக்கு அது ஒன்றுதான் துப்பு.